யெப்தாவின் மகளுக்கு நான் எழுதிய இரண்டு முடிவுகள்

“கடைசியில அந்தப் பிள்ளைய எரிச்சீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சார்.”

ஜெபமணி டீச்சர் எழுந்து நின்று கேட்டார். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபையின் கூட்ட அறை. ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆளுக்கொரு சமோசா கைக்கு வந்திருந்தது. என் நாவலைப் பற்றிப் பேச வாசகர் கூட்டம் போட்டிருந்தார்கள். டீச்சர் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் புத்தகத்தில் காலண்டர் தாளைக் கிழித்து ஏழெட்டு இடங்களில் அடையாளம் வைத்திருந்தார். சில வரிகளுக்குக் கீழே சிவப்பு மை. பழக்கதோஷம்.

“பைபிள்ல இருக்கிறபடிதான் டீச்சர்...” என்று இழுத்தேன்.

“பைபிள்ல எரிச்சான்னு நேரா எழுதல. பொருத்தனைப்படி செஞ்சான்னுதான் இருக்கு. எரிச்சது நீங்க.”

அறையில் இருந்த எல்லாத் தலைகளும் ஆடின. அதில் பாதிப் பேர் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள். எண்ணெய்க் கையோடு என் அட்டைப்படத்தைப் பிடித்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு வாசகரிடம் கோபப்படத் தெரியாது.

கதை இதுதான்

வேதாகமம் வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யெப்தா என்று ஒரு போர்வீரன். சண்டைக்குப் போகுமுன் கடவுளிடம் ஒரு பொருத்தனை செய்கிறான். நேர்ந்துகொள்வதைத்தான் எங்கள் ஆட்கள் பொருத்தனை என்பார்கள். ஜெயித்துத் திரும்பும்போது என் வீட்டு வாசலிலிருந்து எது என்னை எதிர்கொண்டு வருகிறதோ அதை உமக்குப் பலியாக எரிப்பேன் என்கிறான். ஜெயித்தும் வருகிறான். கொட்டு அடித்து ஆடிக்கொண்டு ஓடி வந்தவள் அவனுடைய ஒரே மகள்.

அவளுக்கு அங்கே பெயர்கூடக் கிடையாது. இரண்டு மாதம் தவணை கேட்டு, தோழிகளோடு மலைக்குப் போய் அழுது தீர்த்துவிட்டு, அப்பாவிடமே திரும்பி வந்து நிற்கிறாள். அவன் பொருத்தனைப்படி செய்தான் என்பதோடு அவள் கதை முடிகிறது.

என்ன செய்தான்? எரித்தான் என்று ஒரு கட்சி. இல்லையில்லை, கல்யாணம் செய்துவைக்காமல் கடவுளின் வேலைக்கு விட்டுவிட்டான் என்று இன்னொரு கட்சி. படித்த பண்டிதர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நான் முதல் கட்சி. அவளுக்குத் திர்சாள் என்று பெயர் வைத்து, முந்நூறு பக்கம் வளர்த்து, கடைசி அத்தியாயத்தில் எரித்தேன்.

குழம்பில் விழுந்த மிளகாய்

புத்தகம் வந்த முதல் மாதம் கடிதங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றாவது அந்தப் பெண்ணைப் பற்றி இருக்கும் என்று நினைத்தேன்.

வேளாண்மைத் துறையில் இருந்த ஒருவர் வண்டலூரிலிருந்து நான்கு பக்கம் எழுதியிருந்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் திர்சாள் குழம்புக்கு மிளகாய் அரைக்கிறாள், அந்தக் காலத்தில் அந்த நாட்டில் மிளகாய் ஏது என்று கேட்டிருந்தார். நியாயம்தான். என் தவறுதான். வீட்டில் குழம்பு கொதிக்கிற வாசனையில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் ஆகும். ஆனால் நாலு பக்கமும் மிளகாய்தான். ஒரு பெண்ணை உயிரோடு எரித்த புத்தகத்தில் அவருடைய கண்ணை உறுத்தியது அது ஒன்றுதான்.

இன்னொருவர், திர்சாள் என்ற பெயர் வேதத்தில் வேறொருவருடைய மகளுக்கு உரியது, அதை இவளுக்குச் சூட்ட உமக்கு யார் அதிகாரம் தந்தது என்று கேட்டார். வாட்ஸ்அப் குழுவில் ஒரு சகோதரி, வேதத்தோடு கூட்டி எழுதுகிறவனுக்கு வாதை வரும் என்று கைகூப்பும் படங்களோடு அனுப்பினார். அதற்குக் கீழே இருபது பேர் ஆமென் போட்டிருந்தார்கள். அதில் என் மைத்துனனும் ஒருவன்.

எதிர்வீட்டு ஏகாம்பரம் மட்டும் வேறு மாதிரி. முடிச்சூரில் நாங்கள் இருக்கும் மனை ஒரு காலத்தில் அவர்கள் நெல் விளைந்த நிலம். பெருவெள்ளத்தின்போது என் கைப்பிரதி நனைந்து போனதை அவர்தான் தன் மொட்டைமாடியில் தாள் தாளாகப் பரப்பி, கல் வைத்து உலர்த்தித் தந்தார். காய வைத்தபடியே படித்தும் விட்டார். சர்ச்சுப் பக்கமே வராத மனிதர்.

“இன்னா சார், வூட்டு வாசல்ல இருந்து மாடா வரும்? புள்ளதான் ஓடியாரும். அது அவனுக்குத் தெரியாதா?” என்றார். “தெரிஞ்சேதான் சார் வாய வுட்டுகிறான். அந்தப் பொண்ணு அதுபாட்டுக்கு ஊட்ல கீது. இன்னா தப்பு பண்ணிச்சு அது? ரொம்ப பேஜாரா பூட்ச்சி சார் எனக்கு.”

அவர் சொன்னதை நான் ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தேன். ஏனென்றால் அந்தப் பெண் யாரென்று அவருக்குத் தெரியாது. எங்கள் சபையில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தா

எனக்கு நாலு வயதில் தொண்டைக்குள் வெள்ளைப் படலம் படர்ந்து மூச்சு அடைத்தது. டிப்தீரியா. டாக்டர் கையை விரித்துவிட்டாராம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு, “பையனை மட்டும் தந்துடும் ஆண்டவரே, மூத்த பிள்ளையை உம்ம ஊழியத்துக்குத் தந்துடுறேன்” என்று பொருத்தனை செய்தார். மூத்த பிள்ளை ரூபி அக்கா. அப்போது அவளுக்குப் பத்து வயது. அந்த நேரத்தில் அவள் வீட்டில் சில்லாங்கோடு ஆடிக்கொண்டிருந்திருப்பாள்.

நான் பிழைத்தேன். அப்பா அதோடு விட்டிருந்தால் அது அவருக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள விஷயமாகப் போயிருக்கும். கடவுள் கந்துவட்டிக்காரர் இல்லை, மறந்தும் இருப்பார். ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சாட்சி சொல்லியாக வேண்டும். நடந்த அற்புதத்தைச் சபை முன்னால் எழுந்து நின்று சொல்வதற்குப் பெயர் சாட்சி. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, அக்காவைப் பக்கத்தில் நிறுத்தி, அப்பா எல்லாவற்றையும் சொன்னார். சபை அல்லேலூயா சொன்னது. அன்றோடு அது சபையின் சொத்து ஆகிவிட்டது.

என் பெயர் சாமுவேல். வேதத்தில் தாய் நேர்ந்துகொண்டு ஆலயத்துக்குக் கொடுத்த பிள்ளையின் பெயர். பெயர் எனக்கு வந்தது, போனது அக்கா. இதைச் சொல்லி நான் பலரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். என்ன ஜென்மமோ.

அவளுடைய இருபதாவது வயதில் மலைப்பக்கம் ஒரு மிஷன் விடுதிக்கு அனுப்பினார்கள். முப்பத்தெட்டு வருஷம் அங்கே பழங்குடிப் பிள்ளைகளுக்கு வார்டனாக இருந்தாள். அவளை அனுப்புவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பள்ளி ஆசிரியர் அவளைப் பெண் கேட்டு வந்தார் என்றும், பொருத்தனையைக் காரணம் காட்டி அப்பா மறுத்துவிட்டார் என்றும் அம்மா ஒரு தடவை சொன்னாள். நான் அப்போது பெரியப்பா வீட்டில் தங்கி ஊரில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது அக்காவின் கட்டில் எனக்குக் கிடைத்தது. சந்தோஷமாகப் படுத்துத் தூங்கினேன்.

என் நாவலில் யெப்தா ஏன் அத்தனை கல்நெஞ்சுக்காரனாக இருக்கிறான் என்று கேட்டவர்களுக்கு இப்போது புரியும். அப்பா செத்து வெகு காலமாகியும் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் தீரவில்லை. அவர் காப்பாற்றிய உயிரை வைத்துக்கொண்டு அவர்மேலேயே கோபப்பட்டேன்.

எட்டு நாள்

அக்கா இப்போது கோவிலம்பாக்கத்தில், ஓய்வு பெற்ற ஊழியக்காரிகளுக்கான இல்லத்தில் இருக்கிறாள். சனிக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பேன். புத்தகத்தை அவளிடம் கொடுத்தபோது அது யாருடைய கதை என்று நான் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை போனேன். டீயும் ரஸ்க்கும் வைத்தாள். ஜன்னலோரம் புத்தகம் கிடந்தது.

“படிச்சிட்டேன். ரெண்டு தரம்” என்றாள்.

நான் ரஸ்க்கை டீயில் நனைத்தேன். அது உடைந்து உள்ளே விழுந்தது.

“அவளுக்கு ரெண்டு மாசம் குடுத்தாங்களே சாமு, அழுறதுக்கு. எனக்கு எட்டு நாள். அதுலயும் பாதி நாள் பெட்டி கட்டவே போச்சு.” விழுந்த ரஸ்க்கைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு, “யாராவது ஒருத்தர் எழுதணும்னு இருந்துச்சு. நீ எழுதிட்ட. போதும்” என்றாள்.

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே மதிப்புரை அது. கோவிலம்பாக்கத்திலிருந்து வீடு வருகிற வரைக்கும் பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். எந்த எழுத்தாளனுக்கும் அதற்குமேல் ஒரு வாசகி தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது. அங்கேதான் நான் சறுக்கினேன்.

சின்ன மாற்றம்

வாசகர் கூட்டம் முடிந்த பத்தாம் நாள் பாஸ்டரும் ஜெபமணி டீச்சரும் வீட்டுக்கு வந்தார்கள். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள். பாஸ்டர் இளையவர், தன்மையானவர். முதலில் ஜெபம் செய்தார். எனக்கும் என் எழுதுகோலுக்கும் சேர்த்தே செய்தார்.

“அருமையான எழுத்து சார். கடைசி அத்தியாயம் மட்டும்தான் நம்ம ஜனங்களுக்குக் கொஞ்சம் பாரமா இருக்கு” என்றார்.

“எங்க பெண்கள் சங்கத்துல ரெண்டு பேர் ராத்திரி தூங்கலைன்னாங்க” என்றார் டீச்சர்.

தூங்கக் கூடாது என்றுதான் எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையைச் சொறிந்தேன்.

“எரிக்க வேண்டாம் சார். அவ ஆசரிப்புக் கூடாரத்துல ஊழியம் பண்றதா முடிச்சிடுங்க. அதுக்கும் வேத அறிஞர்கள் ஆதாரம் இருக்கு. தப்பே இல்ல. சின்ன மாற்றம்தானே” என்றார் பாஸ்டர். “செஞ்சீங்கன்னா பெண்கள் ஞாயிறு அன்னைக்கு நம்ம சபையில ஒவ்வொரு சகோதரிக்கும் ஒரு பிரதி பரிசாக் குடுத்துடலாம். மத்த சபைகளுக்கும் நானே எழுதுறேன்.”

வருஷத்தில் ஒரு ஞாயிறு எங்கள் ஆலயத்தில் பெண்களே வேதபாடம் வாசித்து, பெண்களே பிரசங்கம் செய்வார்கள். அதுதான் பெண்கள் ஞாயிறு. அன்று ஆலயம் நிரம்பி வழியும். என் முதல் பதிப்போ கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அத்தனை கைகளிலும் என் புத்தகம் இருக்கும் காட்சி கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சரி என்று நான் வாய் திறந்துகூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். உடனே பாஸ்டர் ஸ்தோத்திர ஜெபம் செய்துவிட்டார்.

முதல் முடிவை எழுத எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. இரண்டாவதை மூன்று நாளில் எழுதினேன். திர்சாள் வெள்ளை உடுத்தி, அந்தக் காலத்து ஆலயமான ஆசரிப்புக் கூடாரத்தில் விளக்குத் துடைக்கிறாள். சிறுமிகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். தலை நரைத்த பிறகு யாரோ கேட்கும்போது, நானே விரும்பித்தான் வந்தேன் என்று சிரிக்கிறாள். கையெழுத்துகூட முன்னைவிட அழகாக வந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் வேறு ஏதேதோ பேசி மழுப்பினேன்.

பெண்கள் ஞாயிறு

இரண்டாம் பதிப்பின் முதல் பிரதியை யார் பெற்றுக்கொள்வது என்று எனக்குத் தெரியாமலே முடிவு செய்திருந்தார்கள். முன்வரிசையில், அரக்கு பார்டர் போட்ட வெள்ளைப் புடவையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கோவிலம்பாக்கத்துக்குக் கார் அனுப்பி அழைத்து வந்திருக்கிறார்கள்.

“நம்ம சபையோட யெப்தா மகள்” என்று பாஸ்டர் அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பழைய ஆட்கள்தான் அதிகம் தட்டினார்கள். ஜெபமணி டீச்சர் சால்வை போர்த்தினார். வண்ணத்தாள் சுற்றிய புத்தகத்தை அக்கா கையில் கொடுத்து, ஒரு சாட்சி சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள்.

அக்கா மைக்கை வாங்கி, “கர்த்தர் என்னை நடத்தினார். ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நொடி ஆகியிருக்காது. எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மனசுக்கு ஆறுதலா இருக்கு பிரதர் என்றார்கள். நீங்களே அவளைக் காப்பாத்திட்டீங்க என்றார் ஒருவர். நூறு கையெழுத்தாவது போட்டிருப்பேன். ஒவ்வொன்றையும் ரசித்துப் போட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மேடவாக்கம் சாலை

திரும்பும்போது கார் வேறு யாரையோ விடப் போய்விட்டது. அக்காவும் நானும் ஆட்டோவில் ஏறினோம். செம்பாக்கம் தாண்டும்வரை அவள் வண்ணத்தாளைக் கிழிக்காமல் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனாள். ஆட்டோ குலுங்கக் குலுங்க, கண்ணாடியை விரலால் பிடித்துக்கொண்டு வாசித்தாள். மேடவாக்கம் கூட்டு ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. நான் பிரியாணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆரன் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

“நானே விரும்பித்தான் வந்தேன்னு சொல்றாளே” என்றாள். “இதை இவள யாரு சொல்லச் சொன்னா?”

“அக்கா...”

“நான் அங்க கஷ்டப்பட்டேன்னு சொல்ல வரல. பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. என்னை அம்மான்னு கூப்பிட்ட பிள்ளைங்க இருக்கு. ஆனா விரும்பி வந்தியான்னு என்னை ஒருத்தரும் கேக்கல. முதத் தடவை நீ எழுதுனதுல அது இருந்துச்சு.”

“எல்லாரும் வீட்டுக்கே வந்து கேட்டாங்கக்கா. பாஸ்டரே வந்தார். என்னால மறுக்க முடியல.”

அவள் புத்தகத்தை மூடினாள். என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“உனக்கு ஒண்ணு தெரியாது. அந்த வாத்தியார் பெண் கேட்டு வந்தாருல்ல. அப்பா முடியாதுன்னு சொல்லல. சரின்னு சொல்லிட்டார். என்னைக் கிணத்தடிக்குக் கூப்பிட்டு, ‘நான் வாய விட்டதுக்குக் கடவுள்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன், நீ போக வேண்டாம்மா’ன்னார். அழுதார். நான் அவர் அழுது பாத்தது அன்னைக்குத்தான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. சபையிலிருந்து நாலு பேர் வீட்டுக்கு வந்தாங்க. நல்லாத்தான் பேசினாங்க. அம்மா காபி போட்டுக் குடுத்தா. நீங்க சொன்ன சாட்சி என்ன ஆகும், ஜனங்களுக்கு இடறலா இருக்குமேன்னாங்க. அப்பா எதுவும் பேசல. தலைய ஆட்டினார். எட்டு நாள்ல என்னை ரயிலேத்தி விட்டாங்க.”

ஆட்டோக்காரர் சந்துக்குள் வண்டியை நுழைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டார். இல்லத்தின் கேட்டை அக்காவே கை நீட்டிக் காட்டினாள். இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, புத்தகத்தை என் மடியில் பொட்டலத்தின்மேல் வைத்தாள்.

“நீ அப்பாவைக் கெட்டவராக்கி எழுதியிருந்த. அப்பவே சொல்லணும்னு நினைச்சேன். அவர் கெட்டவர் இல்ல சாமு. உன்ன மாதிரிதான். நல்ல மனுஷர். நாலு பேர் வந்து கேட்டா இல்லைன்னு சொல்ல வராது.”

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சனிக்கிழமைகளில் இப்போதும் போகிறேன். டீ தருகிறாள், முட்டிவலியைப் பற்றிப் பேசுகிறாள், என் பேத்தியை விசாரிக்கிறாள். புத்தகப் பேச்சை அவள் எடுப்பதில்லை. எடுக்க எனக்கும் துணிச்சல் இல்லை.

மூன்றாம் பதிப்பு இந்த மாதம் அச்சுக்குப் போகிறது. பாஸ்டர் முன்னுரை தந்திருக்கிறார். பழைய முடிவையே வைத்துவிடுங்கள் என்று சொல்லப் பதிப்பாளரை இரண்டு தடவை போனில் அழைத்தேன். முதல் தடவை மழையைப் பற்றிப் பேசினோம். இரண்டாவது தடவை அவரே, “அந்தப் புது முடிவுக்காகத்தான் சார் ஜனங்க கேட்டு வாங்குறாங்க” என்றார்.

அப்படியா, சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.